பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகமும் நம் மனக்குறையும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இயற்றிய ‘பொன்னியின் செல்வன்’ சோழ நாட்டில் வாழும் நமக்கு வெறுங்கதையன்று, ஊர்க்கதையுமாம். வீராணத்து ஏரிக்கரையும், குடந்தை நகரமும், பழையாறையும், கோடிக்கரையும், நாகப்பட்டினமும் நாம் ஒருபகற் பொழுதிற் சென்று காணத்தக்க இடங்கள். மாளிகைகளும் சூடாமணி விகாரமும் மறைந்தன வெனினும், மண் அவ்வண்ணமே உள்ளது. ஆசிரியரும் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்திற் பிறந்தவராதலின், காவிரிப் பெருக்கை எழுதுங்கால் அவர் எழுதுகோல் தானே ஓடுகின்றது.

இத்துணை உவந்து படிக்கப்பெறும் நூலின் இறுதிப் பாகத்தைக் குறித்து மட்டும் படித்தார் மனம் இரண்டுபடுவதேன்? இதனைச் சிறிது ஆராய்வோம்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் இக்கதை தொடர்ந்து வெளிவந்தது. வாரந்தோறும் அப்பக்கங்களை மணியம் அவர்களின் சித்திரங்களோடு சேர்த்துத் தைத்துக் கட்டுவித்து வைத்த இல்லங்கள் பல. ஐந்து பாகங்களுள் இறுதியதாகிய ‘தியாகச் சிகரம்’ அளவிற் பெரியது. 91 அத்தியாயங்கள் கொண்டது. எனவே இடம் போதாமையால் முடிவு குறுகிற்று என்று கூறுதற்கில்லை. அங்ஙனமிருந்தும், கடைசி ஏடு புரண்டவுடன் நாம் ‘இவ்வளவுதானா?’ என்கிறோம். அக்காலத்து வாசகரும் இதனையே கூறினர் போலும். அவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு விடையாக ஆசிரியர் முடிவுரை ஒன்று வரைய நேர்ந்தது.

குறைகளுள் தலையாயது காதலைப் பற்றியது. வந்தியத்தேவனும் குந்தவைப் பிராட்டியும் முதற்பாகத்திற் சந்தித்த நாள்தொட்டு நாம் எதிர்நோக்கியிருந்த மங்கல நாளை ஆசிரியர் நமக்குக் காட்டினாரல்லர். அருள்மொழி, வானதி இருவரின் இல்வாழ்வும் அவ்வாறே. காட்டியதோ ‘மலர் உதிர்ந்தது’ என்னும் இறுதி அத்தியாயம். கடம்பூர் மணிமேகலை, தன்னை விரும்பாத வந்தியத்தேவனைக் காக்கும் பொருட்டுக் கொலைப் பழியைத் தானே ஏற்க முன்வந்தவள், சித்தம் கலங்கி, அவன் மடியில் உயிர்விடுகிறாள். மணப்பந்தலை நோக்கி நடந்த நம்மைப் பிணத்தருகில் நிறுத்திவிட்டார் என்று நம் விடுதி மாணவருள் ஒருவர் சினந்தது நினைவிருக்கிறது. அச்சினம் நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம்.

இரண்டாவது குறை, ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்பது. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. நந்தினியின் பிறப்பும் அவ்வண்ணமே புகைமூட்டத்தில் நிற்கிறது. ஆயின் இங்கே ஆசிரியரைக் குறைகூறுமுன் சரித்திரத்தை நோக்குதல் வேண்டும். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டிற்குரியது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் அதிற் குறிக்கப்பெறுகின்றனர். அவர்தம் சுற்றத்தார் நிலங்கள் பறிமுதலான செய்தியும் உண்டு. ஏன் கொன்றனர், எவர் ஏவலாற் கொன்றனர் என்பன அதில் இல்லை. அக்கல்லுக்கு அணித்தே உள்ள ஏரிக்கரையிற்றான் வந்தியத்தேவனின் குதிரை முதன்முதல் வருகிறது! அறிஞர் இன்றளவும் வழக்காடும் ஒன்றை நாவலாசிரியர் தீர்த்திருந்தால் அது கதைக்கு ஊதியமாகலாம், நேர்மைக்கு இழுக்காம்.

முடிசூட்டும் இத்தகையதே. மக்கள் வேண்டியும் அருள்மொழி தன் சிற்றப்பனுக்கு அரசை விடுத்தான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தி. அச்சிறு செய்தியே ஐந்தாம் பாகத்தின் முதுகெலும்பு. அதனைச் சுற்றி, பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்றும், ஓடம் செலுத்திய பூங்குழலி அவனுடன் அரசியானாள் என்றும் ஆசிரியர் புனைந்தது அழகிய கற்பனை. அத்துணை எளிதாக ஆள்மாறாட்டம் தீர்ந்ததை நம்பத் தயங்குவோர் உளர். நாமும் அவருள் ஒருவரே. எனினும் பாகத்தின் பெயரை நினையுங்கள். அரியணையைத் துறப்பான் ஒருவன். அதில் அமரேன் என்று சபதம் செய்வாள் வானதி. உயிரையே துறப்பாள் மணிமேகலை. எல்லாரும் கைவிடுகின்ற கதையில் வாசகன் மட்டும் எல்லாம் பெற்று எழுவது எங்ஙனம்?

காவிரியைக் கண்டவர்க்கு இது விளங்கும். திருச்சியில் அகண்டமாய் வருபவள், கல்லணை கடந்து கிளைகிளையாய்ப் பிரிந்து, பூம்புகாரிற் சிறு வாய்க்கால் போலக் கடல் புகுகிறாள். அங்கு நின்று ‘இதுவா காவிரி?’ என்று ஏமாறுவோர் உளர். நீர் போன இடம் வயல். முதற் பாகத்திற்குப் ‘புது வெள்ளம்’ என்று பெயரிட்டவர் இறுதியில் நீர் மெலிவதை அறியாதவரா?

ஆனால் முடிவுரையை மட்டும் நாம் இன்றும் முழுமனத்தோடு ஏற்கவியலவில்லை. பிரிவிற் கலங்கி நிற்போன் கையில் விவரப் பட்டியலைத் தருவதுபோல, இன்னார்க்கு இன்னது நேர்ந்தது என்று அது சொல்லிச் செல்கிறது. மணிமேகலையின் இறுதி மூச்சோடு நூல் நின்றிருக்கலாம். ஆசிரியர் மீண்டும் அதனைத் தொடவும் காலம் இடந்தரவில்லை. 1954 டிசம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். நிறைவுறாதோர்க்காகப் பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். 2023-இல் வெளிவந்த திரைப்பட இரண்டாம் பாகமோ சேந்தன் அமுதனுக்கு முடிசூட்டவில்லை. மணிமேகலையோ படத்தில் இடமே பெறவில்லை. முடிவைப் பழித்த நாமே, அவளைக் காணாது படக்கொட்டகையில் தேடினோம்.

திருமணத்தைக் காணவில்லையே என்று வருந்துவோர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்க. குந்தவையாரின் கொடைகளைக் கூறும் கல்வெட்டு அங்கே உள்ளது. அதில் அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாரென்றே குறிக்கப்பெறுகிறார்.