பேனா ஓவியத்தில் நிழல்

நீர்வண்ணத்தை நீர் கலந்து வெளிறச் செய்யலாம்; பென்சிலை மெல்ல அழுத்திச் சாம்பல் நிறம் பெறலாம். பேனா மைக்கோ கருமை ஒன்றே உண்டு, வெண்மை தாளினுடையது. இவ்விரண்டினின்று நிழலின் பல படிகளையும் காட்டுவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அதற்குரிய வழிகள் நான்கு. இணைகோடுகள் இழுத்தல் முதலாவது. கோடுகள் நெருங்கின் நிழல் தடிக்கும், விலகின் வெளுக்கும். அவற்றின்மீது குறுக்குக் கோடுகள் இடுதல் இரண்டாவது. ஆழ்ந்த இருளுக்கு இது ஏற்றது. பொருளின் வளைவைத் தழுவிக் கோட்டையும் வளைத்தல் மூன்றாவது; புள்ளியிடுதல் நான்காவது.

பயிற்சிக்கு ஒரு மண்குடம் போதும். அதன் வயிற்றில் நேர்கோடுகள் இட்டால் தட்டையாகத் தோன்றும். வளைகோடுகள் இட்டால் உருண்டு திரளும். ஊரப்பாக்கத்து வீட்டுத் திண்ணையில் இங்ஙனம் பழகிய கை, பின்னர் மாமல்லபுரம் சென்று, அருச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தை வரையத் துணியலாம். அப்பாறை கிழக்கு நோக்கியது. ஆதலின் காலை வெயில் நேரே பட்டு நிழல் குறையும். கதிரவன் உச்சியை அணுக அணுகப் புடைப்புகளின் கீழெல்லாம் நிழல் தங்கும். வரைதற்கு உரிய வேளை அதுவே. பெரிய யானையின் விலாவுக்கு வளைகோடும், குட்டிகள் நிற்கும் வயிற்றடிக்குக் குறுக்குக் கோடும், சொரசொரப்பான பாறைக்குப் புள்ளியும் பொருந்தும். வெயில் படும் மத்தகத்தில் ஒன்றும் இடாமையே நன்று.

இம்முறையிற் பெரும்புகழ் எய்தியவர் சில்பி என்னும் சீனிவாசன் (1919-1983). சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்ற அவர், ஆனந்த விகடனில் வெளிவந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தொடருக்காகக் கோயிற் சிற்பங்களைக் கோட்டோவியங்களாக வரைந்தார். அந்நாளில் கோட்டுப் படங்களை அச்சிட்ட உலோகக் கட்டை, மையை முழுதும் ஏற்கும், அன்றேல் ஏற்காது. சாம்பல் நிறத்தை அது அறியாது. எனவே நிழல் அனைத்தையும் கோட்டாலும் புள்ளியாலுமே காட்டவேண்டியிருந்தது. அத்தகைய படம் சாதாரணத் தாளிலும் தெளிவாகப் பதிந்தது.

உளி செதுக்கிய கல் மீண்டும் ஒட்டாது. மை படிந்த வெண்மையும் மீளாது. ஆதலின் மாணவர் முதலில் ஒளி படும் இடங்களைப் பென்சிலால் மெல்ல வரையறுத்து, இடைநிழலை இட்டு, கடுங்கருமையை இறுதியிற் சேர்ப்பாராக. எங்குக் கோடு இடலாகாது என்பதை முன்னரே துணிந்தவர்க்கு, இடவேண்டிய கோடு தானே விளங்கும்.