தாய் நலமும் சேய் நலமும்

நெல் விளையும் நாட்டிலே குழந்தை மெலிவது ஏன்? காவிரியின் கடைமடையில் அமைந்த நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் விவசாயப் பெருமக்களும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

பிரசவ காலத்து ஆபத்தை நாம் பெரும்பாலும் வென்றுவிட்டோம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆயினும் அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். மருத்துவமனை வாயிலோடு நம் கடமை முடிந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

2023 ஆகஸ்டு 25ஆம் நாள் நம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பள்ளி செல்லும் பிள்ளைக்கு அதனால் வழி பிறந்தது. ஆனால் உடலும் மூளையும் மிக விரைந்து வளர்வது முதல் இரண்டு ஆண்டுகளிலேயே ஆகும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை பள்ளிக்குச் சென்று உண்ண இயலாது. அதற்கு உணவும் காவலும் தாயே. ஆகவே தாய் நலிந்தால் சேயும் நலிகிறது.

எடை கூறும் செய்தி

பிறக்கும்போது குழந்தை 2.5 கிலோவுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அந்த எடை ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் இருமடங்காகவும், ஆண்டு நிறைவில் மும்மடங்காகவும் உயர்தல் இயல்பு. 1980ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தனர். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு தந்து, தேறியதும் நிறுத்தினர். தாய்க்கும் உணவு முறையை விளக்கினர்.

இன்றும் அங்கன்வாடியில் எடை பார்ப்பதன் கருத்து இதுவே. பயிர் காய்ந்த பின் உரமிடும் விவசாயி உண்டோ? இலை வெளுக்கும்போதே அவர் காரணத்தை ஆராய்வார். அதுபோல், எடை குறைவதற்கு முன்னரே, ஏறாமல் நிற்பதை முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அப்போது ‘குழந்தை என்ன உண்கிறது?’ என்பதோடு, ‘தாய் எவ்வாறு இருக்கிறாள்?’ என்றும் கேட்டல் வேண்டும்.

நடவுக் காலமும் கைக்குழந்தையும்

சம்பா நடவின்போது விடியற்காலையில் வயலுக்குச் செல்லும் தாய் பிற்பகலில்தான் வீடு திரும்புகிறாள். நேரடி விதைப்பு பரவியுள்ள ஊர்களிலும் களையெடுக்கும் வேலை பெண்களையே சார்ந்துள்ளது. கைக்குழந்தை பாட்டியிடமோ, சிறு வயது அக்காளிடமோ விடப்படுகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது; அது தடைப்படுகிறது. ஆறு மாதத்திற்குப் பின், சிறிய வயிறாதலின் நாளொன்றுக்குப் பலமுறை கெட்டியான உணவு ஊட்ட வேண்டும். நீர்த்த கஞ்சியும் தேநீரில் தோய்த்த ரொட்டியுமே கிடைக்கின்றன.

நடவு முடிந்து அறுவடை வரையுள்ள ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலோ கூலி வேலை அருகிவிடுகிறது. மழை நீர் தேங்கி வயிற்றுப்போக்கும் பரவுகிறது. அவ்வேளையில் வீட்டில் கடைசியாக உண்பவளும் குறைவாக உண்பவளும் தாயே.

தாயின் மனநிலை

உடல் தளர்ச்சியை நாம் காண்கிறோம். மனத் தளர்ச்சியைக் காண்பதில்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடத்தி 2004ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, 6 முதல் 12 மாத வயதுடைய மெலிந்த குழந்தைகளையும் நலமுள்ள குழந்தைகளையும் ஒப்பிட்டது. மெலிந்த குழந்தைகளின் தாய்மாரிடையே மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு மிகுந்திருந்தது. சோர்ந்த தாய்க்குப் பொறுமையுடன் ஊட்டவும், கொஞ்சிப் பேசவும், உரிய நேரத்தில் மருத்துவரிடம் செல்லவும் வலிமை இருப்பதில்லை. இதைச் சோம்பல் என்று கூறுதல் பெருந்தவறு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், பிள்ளைகளை இழந்த பெற்றோர்க்கு மனநல ஆலோசனை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நம் கடலோர ஊர்கள் நன்கறியும். பேரிடரில் மட்டுமன்றி, கடனிலும் வறுமையிலும் தனிமையிலும் கூட மனம் முறிவதுண்டு. இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமின்மை, அழுகை, எதிலும் பற்றின்மை காணப்படின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூறுக. 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

செய்யத்தக்கவை

கர்ப்பம் என அறிந்ததும், 12 வாரத்திற்குள் செவிலியரிடம் பதிவு செய்தல் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பயனைப் பெறுவதற்கும் இப்பதிவு இன்றியமையாதது. இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்ப காலத்தில் 180 நாளும், மகப்பேற்றுக்குப் பின் 180 நாளும் உட்கொள்ள வேண்டும். தேநீருடன் உட்கொண்டால் அதன் பயன் குறையும்.

அங்கன்வாடியில் தரப்படும் சத்துமாவு தாய்க்கும் குழந்தைக்கும் உரியது. அதைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்து உண்ணலாகாது. குழைந்த சோற்றோடு பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, முள் நீக்கிய மத்தி மீன் இவற்றைப் பிசைந்து ஊட்டலாம். வயிற்றுப்போக்கு கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, செவிலியரிடம் துத்தநாக மாத்திரை பெற்று 14 நாள் தருதல் வேண்டும்.

நிலம் உடையோர், நடவுக் காலத்தில் கைக்குழந்தை உள்ள பெண்ணுக்குப் பால் கொடுக்க இடைவேளை அளிப்பதும், வரப்பருகே நிழலும் குடிநீரும் அமைப்பதும் பெரிய செலவன்று. தந்தையர், நீர் சுமப்பதிலும் குழந்தையைப் பார்ப்பதிலும் பங்கு கொள்ள வேண்டும். கூலியில் ஒரு பகுதி மதுவுக்குச் செல்லுமாயின், அந்த இழப்பு குழந்தையின் தட்டிலேயே முதலில் தெரியும். கணவர் வெளியூர் வேலைக்குச் சென்ற வீடுகளை அண்டை வீட்டார் அடிக்கடி நலம் விசாரிக்கலாம்.

ஊராட்சியினர் எடை பார்க்கும் நாளில் அங்கன்வாடிக்கு நேரில் செல்லுதல் நலம். வராத குழந்தைகள் யார், வராமைக்குக் காரணம் யாது என்று கேட்டறிய வேண்டும். எடை ஏறாத குழந்தைகளின் எண்ணிக்கையை, பெயர் கூறாமல், கிராம சபையில் அறிவிக்கலாம். சாலைக்கும் வாய்க்காலுக்கும் கணக்குக் கேட்கும் சபை இதற்கும் கணக்குக் கேட்கட்டும்.

நாற்று வாடினால் களத்தில் நெல் குவியாது. நம் ஊரின் தாய்மார்க்கு வயிறார உணவும், சிறிது ஓய்வும், ஆறுதலான ஒரு சொல்லும் கிடைக்கச் செய்வோமாக. அவர்தம் மடியில் வளரும் குழந்தைகள் அதனால் நலம் பெறுவர் என்பது உறுதி.