உறைபனியில் காலடித் தடங்கள்

ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941இல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் நிற்க இயலாதவரானார். ஆயினும் 1930இல் தாஹித்தித் தீவில் கண்ட கடலையும் பறவைகளையும் 1946இல் நினைவிலிருந்தே வெண்தாளில் கத்தரித்துக் கலையாக்கினார்.

எங்கள் ஓவிய அமர்வில் மூதாட்டி ஒருவர் தம் மார்கழி மாத உதகைப் பயணத்தை நினைவுகூர்ந்தார். வலக்கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தமையால், இடக்கையால் பஞ்சில் வெண்வண்ணம் தோய்த்துப் பச்சைத் தாளில் உறைபனியை ஒற்றினார். இரண்டு வரிசைக் காலடித் தடங்களை மட்டும் பச்சையாகவே விட்டார். ஒன்று, மறைந்த தம் கணவருடையது என்றார். அப்பயணத்தைப் பற்றி மகள் அறிந்தது அன்றுதான்.

உடனிருந்து பராமரிப்போரே, "வலி எப்படி இருக்கிறது?" என வினவுவதோடு, "அன்று குளிர் எப்படி இருந்தது?" என்றும் வினவுங்கள். தாளும் பஞ்சும் நாங்கள் தருகிறோம்.