காய்ச்சல் விட்டது, கை ஏன் விழுந்தது?



ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், வயது 55. வலது கண்ணுக்கு மேலே, நெற்றியில், நெருப்புப் பட்டதுபோல் எரிச்சல். இரண்டு நாளில் அங்கே கொத்துக் கொத்தாய்க் கொப்புளம். "இது அக்கிதான்யா. செம்மண்ணைக் குழைச்சு அக்கி எழுதினா சரியாப் போயிடும்" என்கிறார் அவருடைய தாயார். எழுதுகிறார்கள். சில வாரத்தில் கொப்புளம் காய்கிறது. எல்லாரும் அதை மறந்து விடுகிறார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள் விடியற்காலை. பெரட்டுக்குப் புறப்படும் நேரம். மனைவி கொடுத்த கோப்பியை இடது கையில் வாங்குகிறார். கோப்பை நழுவிக் கீழே விழுகிறது. "என்னங்க, உங்க வாய் ஒரு பக்கமாப் போகுதே!" என்று அந்த அம்மாள் அலறுகிறார். பதில் சொல்ல வாயெடுத்தால் நாக்கு குழறுகிறது.

லயமே கூடிவிடுகிறது. "காத்துக் கருப்பு அடிச்சிருக்கும்" என்கிறார் ஒருவர். "ராத்திரி வேர்வையோட குளிச்சிருப்பான்" என்கிறார் இன்னொருவர். "எண்ணெய் போட்டு உருவுங்க" என்கிறார் மூன்றாமவர். ஆறு வாரத்துக்கு முன்னால் வந்த அக்கியை நினைப்பார் யாருமில்லை. நினைத்தாலும், "அக்கி வந்தது வலப்பக்கம், விழுந்தது இடது கை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் கேட்பார்கள்.

சம்பந்தம் உண்டு. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம்.

வாதம் எப்படி வருகிறது?

கை கால் விழுவதைப் பாரிசவாதம், பக்கவாதம் என்கிறோம். விழுவது கை கால்தான் என்றாலும் கோளாறு இருப்பது மூளையில். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்ளலாம். அல்லது வெடித்துக் கசியலாம். 100 பேருக்கு வாதம் வந்தால் ஏறக்குறைய 85 பேருக்கு அடைப்பினால்தான் வருகிறது. நாம் இங்கே பேசுவது பெரும்பாலும் இந்த அடைப்பு வாதத்தைப் பற்றி.

அடைப்பு எப்படி ஏற்படுகிறது என்பதை நம் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மரத்திலிருந்து பால் தண்ணீராகத்தான் இறங்கி மங்கில் விழுகிறது. அதைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலந்தால் கட்டியாய் உறைந்து போகிறது. இரத்தமும் இப்படி உறையக் கூடியதுதான். கத்தி பட்டுக் கை கிழிந்தால் அங்கே உறைய வேண்டும்; இல்லாவிட்டால் உயிர் தங்காது. ஆனால் மூளைக்குப் போகும் குழாய்க்குள்ளே உறைந்தால்? அதற்கு அப்பால் உள்ள பகுதி இரத்தமின்றிச் சாகத் தொடங்கும். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் செத்துப் போகின்றன என்று 2006ஆம் ஆண்டு கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இரத்தத்தை உறையத் தூண்டும் காரியங்கள் பல. இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், புகை, இரத்தத்தில் கொழுப்பு, இதயம் தாறுமாறாகத் துடிப்பது ஆகியவைதான் முக்கியமானவை. இவை ஆண்டுக்கணக்கில் குழாயைக் கெடுத்து வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு வைரஸ் கிருமி உடம்பில் புகுந்தால், பாலில் ஆசிட் விட்ட கதையாகி விடலாம்.

அக்கி செய்யும் வேலை

சின்ன வயதில் நமக்கெல்லாம் வந்த சின்னம்மையும், பெரியவர்களுக்கு வரும் அக்கியும் ஒரே வைரஸ் செய்யும் வேலை. அம்மை இறங்கிய பிறகு அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்து, பல ஆண்டுகள் தூங்குகிறது. வயதாகி உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொண்டு, நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி.

முகத்துக்கு வரும் நரம்புக்கு இன்னொரு கிளையும் உண்டு. அது மூளையின் இரத்தக் குழாய்களுக்குப் போகிறது. நெற்றியிலும் கண்ணிலும் அக்கி வந்தவர்களில் சிலருக்குக் கிருமி அந்தக் கிளை வழியாகக் குழாயின் சுவருக்கே போய்விடுகிறது. சுவர் வீங்குகிறது, குழாயின் உள்வழி குறுகுகிறது, இரத்தம் உறைகிறது. இதெல்லாம் நடக்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். வலப்பக்க மூளைதான் இடப்பக்கக் கை காலை ஆட்டிவைக்கிறது. அதனால்தான் வலது கண்ணில் அக்கி வந்தவருக்கு இடது கை விழுகிறது.

தைவானில் அக்கிக்குச் சிகிச்சை பெற்ற 7,760 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அக்கி வந்த ஓராண்டுக்குள் அவர்களுக்கு வாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 31 விழுக்காடு கூடுதலாக இருந்தது. கண் பக்கம் அக்கி வந்தவர்களுக்கோ 4 மடங்குக்கும் மேல். பிரிட்டனில் 2014இல் வந்த ஆய்வு இன்னொரு நல்ல சேதியையும் சொன்னது: வைரஸை அடக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, சாப்பிடாதவர்களைவிட ஆபத்து குறைவாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து நடுங்க வேண்டாம். அக்கி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாதம் இல்லாமலே குணமடைகிறார்கள். ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு கெடு உண்டு. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். செம்மண் பூசிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிப் போகிறது. கண்ணருகே, நெற்றியில், மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பார்வையும் போகக்கூடிய இடம் அது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. விலை கூடியதுதான், இருந்தாலும் டாக்டரிடம் விசாரித்து வையுங்கள்.

பிள்ளைகளுக்குச் சின்னம்மை போட்டால்? பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சியில், அம்மை போட்ட 6 மாதத்துக்குள் பிள்ளைகளுக்கு வாதம் வரும் வாய்ப்பு 4 மடங்காகத் தெரிந்தது. பிள்ளைகளுக்கு வாதம் வருவதே மிக மிக அபூர்வம் என்பதால், 4 மடங்கு என்றாலும் அது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அம்மை இறங்கிய பிள்ளை சில வாரம் கழித்து ஒரு கையைத் தூக்காமல் விளையாடினால், "சோம்பேறித்தனம்" என்று அதட்டாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், ஆத்தாளுக்கு விளக்கு ஏற்றுங்கள். டாக்டரிடம் போகாதே என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள்.

சளிக் காய்ச்சல், கோவிட், டெங்கி

"சாதாரண சளிக் காய்ச்சல்தானே!" என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் நோயும் இந்த வரிசையில் உண்டு. பிரிட்டனில் டாக்டர்களிடம் இருந்த பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். மார்புச் சளி, காய்ச்சல் போன்ற நோய் கண்ட முதல் 3 நாளில் வாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்காக இருந்தது. பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது. அதே ஆராய்ச்சியில், சளிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஊசியினால் அப்படி எந்த ஆபத்தும் கூடவில்லை. "ஊசி போட்டால் வாதம் வரும்" என்று கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

காய்ச்சலில் என்ன நடக்கிறது? கிருமியோடு போராடும் உடம்பு இரத்தத்தை எளிதில் உறையும் பதத்துக்கு மாற்றுகிறது. குழாயில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புப் படலம் வீங்கி உடையலாம். வேர்த்துக் கொட்டி, தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கோவிட் இதை உலகுக்கே காட்டியது. 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில், நியூயார்க்கில் இரண்டே வாரத்தில், 33 முதல் 49 வயதுவரை உள்ள 5 பேர் மூளையின் பெரிய குழாய் அடைபட்டு வாதத்தோடு வந்தார்கள். ஐந்து பேருக்கும் கோவிட் இருந்தது. "வாதம் கிழவர்களுக்குத்தான் வரும்" என்ற பேச்சு அன்றோடு அடிபட்டுப் போனது.

நம் தோட்டங்களில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. டெங்கி வந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதத்தில் வாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 2018இல் தைவான் ஆராய்ச்சி ஒன்று கூறியது. டெங்கியில் இரத்தக் கசிவும் வரக்கூடும். ஆகவே என்ன காய்ச்சல் என்று தெரியாமல் கடையில் ஆஸ்பிரின் வாங்கி விழுங்காதீர்கள். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள், காய்ச்சல் கண்டதும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

காய்ச்சலோ அக்கியோ வந்தால், கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். சிகரெட்டையும் சம்சுவையும் தொடாதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரம் ஒரு கண் வைத்திருங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை சளிக் காய்ச்சல் ஊசி பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

"ஒரு நாள் போகலைன்னா சம்பளம் போகுமே" என்று காய்ச்சலோடு மலைக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! தீபகற்ப மலேசியாவில் வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால், சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 18 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இது தனிக் கணக்கு. இது யாரும் போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை. வாதம் வந்து வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு, சந்தா நிபந்தனைக்கு உட்பட்டு, சொக்சோவின் இயலாமைத் திட்டமும் இருக்கிறது. கிளைச் செயலாளரைப் பாருங்கள்.

வாதத்தின் அடையாளம் நான்கு சொல்லில் அடங்கும். முகம்: சிரிக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் கோணுகிறதா? கை: இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? நேரம்: இதில் ஒன்று இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உடனே 999ஐ அழையுங்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் வாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் எடுத்து, அடைப்பா வெடிப்பா என்று பார்த்தாக வேண்டும். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கக் கூடியதல்ல. ஆகவே எண்ணெய் உருவுவது, விரல் நுனியில் ஊசி குத்துவது, புறா இரத்தம் தேடி அலைவது எல்லாம் பொன்னான நேரத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதுதான். வாயில் தண்ணீரோ கோப்பியோ மருந்தோ ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். மயங்கிக் கிடந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும், அண்மையில் அக்கியோ காய்ச்சலோ வந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தோட்டம் உள்ளே தள்ளி இருக்கிறதே, ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகுமே என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் இன்றே பேசி வைக்க வேண்டும். இரவில் யார் வீட்டு வண்டி இருக்கும்? ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரி எது? கிளைக் கூட்டத்தில் இதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். தோட்ட நிர்வாகத்தோடும் பேசுங்கள். ஒரு காகிதத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

முதலில் சொன்ன அந்த வீட்டுக்கே திரும்பி வருவோம். கோப்பை விழுந்தபோது மணி ஐந்தேகால். அந்த அம்மாள் அலறியதோடு நிற்காமல் கடிகாரத்தைப் பார்த்திருந்தால், பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியை உடனே எடுக்கச் சொல்லியிருந்தால், ஊசிக்குரிய கெடு பத்தே முக்கால் வரை அல்ல, ஒன்பதே முக்கால் வரைதான் என்பது தெரிந்திருந்தால், அந்தக் கை மறுபடியும் உளி பிடிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும்.

படித்து முடித்ததும் இந்தத் தாளை மடித்து வைக்காதீர்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவே அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.