ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள்: புத்தாண்டு இலக்கை விளையாட்டாக்குவது எப்படி?

2021-ஆம் ஆண்டுக்கான பள்ளித் தவணை அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் தேதி தொடங்கியது. ஆனால், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். போன்ற தேர்வுகளுக்குக் காத்திருப்பவர்களைத் தவிர மற்ற மாணவர்கள் அப்போது பள்ளி வாசலை மிதிக்கவில்லை. புதிய வகுப்பாசிரியரின் முகத்தைக்கூடப் பல பிள்ளைகள் திரையில்தான் முதன்முதலாகப் பார்த்தனர்.

தவணையின் முதல் வாரத்தில் வழக்கமாக நடக்கும் ஒன்று உண்டு. 'இவ்வாண்டு என் இலக்கு' என்று ஆசிரியர் வெண்பலகையில் எழுதுவார். மாணவர்கள் நோட்டில் நான்கு வரி எழுதுவார்கள். நன்றாகப் படிப்பேன், பெற்றோர் சொல் கேட்பேன், எல்லாப் பாடத்திலும் 'ஏ' எடுப்பேன், மருத்துவராவேன். இயங்கலை வகுப்பில் இந்தப் பழக்கம் இன்னும் சோர்ந்துவிடுகிறது. பாதிப் பேர் கேமராவை மூடியிருப்பார்கள். முதலில் ஒரு மாணவர் தட்டச்சு செய்ததையே மற்றவர்களும் தட்டச்சு செய்வார்கள்.

மருத்துவராவது இலட்சியம். இலக்கு என்பது அம்பு எய்பவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும். 'எல்லாப் பாடத்திலும் ஏ' என்பதும் இலக்காக நிலைப்பதில்லை என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டிவிட்டது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் அவ்வாண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வே ரத்தானது. தேர்வை மட்டும் நோக்கி ஓடிய ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, ஓடும் பாதையையே எடுத்துவிட்டது போல ஆயிற்று. ஆகவே இவ்வாண்டு வைக்கும் இலக்கு, பள்ளி திறந்தாலும் மூடினாலும் வீட்டிலேயே செய்யக்கூடியதாக இருப்பது நல்லது.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்கிறார். 'இது நடந்தால், அப்போது இதைச் செய்வேன்' என்று இலக்கை ஒரு நேரத்தோடோ இடத்தோடோ கட்டிப்போட வேண்டும். 'தமிழ் வாசிப்பேன்' என்பதைவிட, 'மாலைத் தேநீர் குடித்ததும் பாட்டிக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவேன்' என்பது நடக்கும் வாய்ப்பு அதிகம். தேநீர் வந்தால் புத்தகமும் நினைவுக்கு வரும். பாட்டி விடமாட்டார் என்பது கூடுதல் நன்மை.

இதை வகுப்பில் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். 'இது யாருடைய இலக்கு?' என்ற விளையாட்டாக நடத்திப் பார்க்கலாம். முதல் நாள் இரவே ஒவ்வொரு மாணவரும் தம் இலக்கைக் குரல் பதிவாகவோ, தாளில் எழுதிய படமாகவோ ஆசிரியருக்குத் தனியாகப் புலனத்தில் அனுப்பிவிட வேண்டும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் பெயரைச் சொல்லாமல் ஒவ்வொன்றாக வாசிப்பார். யாருடையது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 'கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்ததும் ஏழாம் வாய்பாடு சொல்வேன்' என்று வாசித்தால், கோழி வளர்ப்பவர் யார் என்று வகுப்பே கூச்சல் போடும். மூடியிருந்த கேமராக்கள் அப்போது திறக்கலாம். பல மாதங்களாக நண்பர்களை நேரில் பார்க்காத பிள்ளைகளுக்கு நண்பனின் வீட்டுச் செய்தி ஒன்று கிடைப்பதே பெரிய விருந்து.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. 'நன்றாகப் படிப்பேன்' என்று எழுதினால் அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை அந்தப் பிள்ளை தானாகவே தெளிவாக எழுதும். ஆசிரியர் விளக்கம் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால், இலக்குகள் வகுப்பில் வாசிக்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூச்சப்படும் பிள்ளையின் இலக்கை ஆசிரியர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அதைத் தொடர்ந்து செய்வது. இங்கே கோலம் கைகொடுக்கும். போன வருட நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 புள்ளிகள் வைக்க வேண்டும். இலக்கைச் செய்த ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளியைச் சேர்த்துக் கோடு இழுக்க வேண்டும். ஜனவரி 25-ஆம் தேதி தொடங்கினால் மார்ச் இறுதியில் கோலம் முடியும். கோலம் பெண்பிள்ளைகள் வேலை என்று முகம் சுளிக்கும் பையன்கள் காற்பந்துத் திடலை 64 கட்டமாகப் போட்டுப் பந்தை நகர்த்தலாம். மணிலா அட்டை, வண்ணப் பேனா என்று கடைக்கு ஓட வேண்டாம்.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. அது பெரியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு என்றாலும், அதில் பிள்ளைகளுக்கும் தெம்பு தரும் செய்தி ஒன்று உண்டு. ஒருநாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. தைப்பூசத்தன்று ஒரு புள்ளி விடுபட்டால் மறுநாள் வளைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

சக்கரம் சுற்றும் செயலி, மின்னும் பரிசுப் பட்டியல் எல்லாம் இணையத்தில் நிறைய கிடைக்கின்றன. அவை தவறில்லை. ஆனால், 2020 ஏப்ரலில் கல்வி அமைச்சு வெளியிட்ட கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை. திறன்பேசி வைத்திருந்தோர் 46 விழுக்காடு. அந்த ஒரு கைப்பேசியையும் காலையில் அப்பா செம்பனைத் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ கொண்டுபோய்விட்டால், மூன்று பிள்ளைகளுக்கும் வகுப்பு மாலையில்தான். இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலை இயங்கலையில் மட்டுமின்றி, இணையம் இல்லாமலும் நடத்தலாம் என்று அமைச்சே அப்போது சொன்னது. இலக்கு விளையாட்டும் தாளில் நடக்கட்டும். திரை, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் காட்டி மகிழ மட்டும். பயிற்சித்தாள் வாங்கப் பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் கோலத்தாளையும் கொடுத்தனுப்பினால், வகுப்புக்குள் நுழைய முடியாத பிள்ளையும் ஆட்டத்தில் சேர்ந்துவிடும்.

பெற்றோர் புலனக் குழுவில் யார் எத்தனை புள்ளி சேர்த்தார்கள் என்ற பட்டியலை மட்டும் போடவே கூடாது. போட்ட அன்றே அது பிள்ளைகளின் விளையாட்டாக இல்லாமல் தாய்மார்களின் போட்டியாகிவிடும். கைப்பேசி கிடைக்காத பிள்ளை அதில் எப்போதும் கடைசியில் நிற்கும்.

அதற்குப் பதில் பெற்றோரும் தங்களுக்கென ஒரு தாளை ஒட்டலாம். 'வேலை முடிந்து வந்து குளித்ததும், இரவு ஒன்பது மணி வரை கைப்பேசி பிள்ளைகளுக்கு' என்பது அப்பாவின் இலக்காக இருக்கலாம். அவர் தவறிய நாளைப் பிள்ளைகள் சுட்டிக்காட்டுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

2021-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி வந்தது. அந்த விடுமுறைக்கு முந்தைய வகுப்பில், இலக்கு பிடிக்காதவர்கள் அதை மாற்றிக்கொள்ள ஆசிரியர் ஒரு வாய்ப்புத் தரலாம். ஏழாம் வாய்பாடு மனப்பாடமாகிவிட்டவர் எட்டுக்குப் போகலாம். பாட்டிக்குத் தினம் ஒரு பக்கம் அதிகம் என்றால் அரைப்பக்கம் போதும். அதுவரை போட்ட கோடுகளை அழிக்க வேண்டாம். அதே தாளில் தொடரலாம்.