பூட்டிய பள்ளிகள் திறக்குமா? மரத்தடி வகுப்புகளுக்கு மாற்று வழி

புது தில்லி: ராஜஸ்தான் மாநிலம், ஜாலாவர் மாவட்டம், பிப்லோதி கிராமத்தில் 2025 ஜூலை 25-ஆம் தேதி அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் 7 குழந்தைகள் உயிரிழந்தனர். ஆபத்தான பள்ளிக் கட்டடங்கள் எத்தனை என்ற கேள்வியை அந்த விபத்து எழுப்பியது. அவற்றிலிருந்து வெளியேற்றப்படும் மாணவர்கள் எங்கே அமர்ந்து படிப்பது என்பது, அதே அளவு முக்கியமான மற்றொரு கேள்வி.

விபத்து தொடர்பாகத் தாமாக முன்வந்து விசாரணை நடத்திய ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், பழுதடைந்த வகுப்பறைகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மாநில அரசின் கணக்கெடுப்பின்படி, முற்றிலும் சிதிலமடைந்த அறைகள் மட்டும் 86 ஆயிரத்துக்கும் அதிகம்.

அறையைப் பூட்டிவிடலாம், பாடத்தை நிறுத்த இயலாது. எனவே மரத்தடி, தாழ்வாரம், தகரக் கொட்டகை ஆகியவை வகுப்பறைகளாகின்றன. பிப்லோதியில் கிராமவாசி ஒருவர் தமது வீட்டையே பள்ளிக்கு விட்டுக்கொடுத்து, குடும்பத்துடன் குடிசைக்குச் சென்றார்.

இணைப்பால் காலியானவை

இதே மாநிலத்தில் 2014-ஆம் ஆண்டு சுமார் 17 ஆயிரம் அரசுப் பள்ளிகள் வேறு பள்ளிகளுடன் இணைக்கப்பட்டன. பல கிராமங்களில், தொடக்கப் பள்ளி அதே ஊரில் உள்ள பெரிய பள்ளியுடன் சேர்க்கப்பட்டது. அவற்றில் சில பின்னர் மீண்டும் திறக்கப்பட்டன. ஏனைய இடங்களில், மாணவர்கள் வெளியேறிய பிறகு பயன்பாடின்றி நிற்கும் கட்டடங்களைச் சீரமைத்தால், தாற்காலிக வகுப்புகளுக்கு அவை மாற்றாக அமையும்.

இதில் உள்ள அனுகூலங்கள் வெளிப்படையானவை. புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை. ஊர் மக்களுக்குப் பழக்கமான இடம். குழந்தைகள் நடந்து செல்லும் தொலைவு. அடித்தளமும் சுவர்களும் உறுதியாக இருந்தால், புதிய கட்டடத்துக்கு ஆகும் காலமும் செலவும் தேவைப்படாது.

ஆனால், பூட்டைத் திறந்து வெள்ளையடிப்பது சீரமைப்பு ஆகாது. ராஜஸ்தான் கிராமங்களில் கற்பலகைகளைப் பாவிய கூரைகள் ஏராளம். பராமரிப்பின்றிக் கிடக்கும் கட்டடத்தில் பல மழைக்காலங்களின் நீர் இறங்கி, சுவரின் பிடிமானம் தளர்ந்தால், கனத்த பலகை அப்படியே கீழே சரியும். எனவே அடித்தளம், சுவர், கூரை மூன்றையும் பொறியாளர்கள் சோதித்துச் சான்றளித்த பின்னரே மாணவர்களை அனுமதிக்க வேண்டும். சோதனையில் தேறாத கட்டடத்தை இடித்துவிட்டு, அதே மனையில் புதிதாகக் கட்டுவதே முறை.

கும்பகோணம் தந்த பாடம்

இது புதிய நிபந்தனை அல்ல. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் ஏற்பட்ட தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து தாக்கல் செய்யப்பட்ட பொதுநல மனுவில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான சூழலில் கல்வி பெறுவது குழந்தைகளின் உரிமை என்று கூறிய நீதிமன்றம், பள்ளிக் கட்டடங்களின் உறுதியைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பரிசோதிக்குமாறும் உத்தரவிட்டது.

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், எல்லாப் பருவங்களையும் தாங்கும் கட்டடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, மாணவ, மாணவியருக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றை வலியுறுத்துகிறது. சீரமைக்கப்படும் கட்டடத்துக்கும் இதுவே அளவுகோல்.

தாற்காலிகம் எதுவரை?

தாற்காலிக ஏற்பாட்டுக்கு முடிவு நாள் குறிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தலைநகரிலேயே உள்ளது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், பழைய தில்லியின் கௌமி பள்ளிக் கட்டடம் இடிக்கப்பட்டது. மாணவர்கள் ஈத்கா மைதானத்துக்குத் தாற்காலிகமாக மாற்றப்பட்டனர். நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அப்பள்ளி அங்கே தகரக் கொட்டகைகளில்தான் இயங்கியது. ஒரு தலைமுறை படித்து முடித்து, அடுத்த தலைமுறை அதே தகரத்தின் கீழ் கோடை வெயிலையும் குளிரையும் தாங்கியது.

எனவே, ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பட்டியல்கள் தேவை. ஒன்று, கொட்டகைகளிலும் மரத்தடியிலும் நடைபெறும் வகுப்புகள். மற்றொன்று, அவற்றுக்கு அருகே பூட்டிக் கிடக்கும் பள்ளிகள். இரண்டையும் ஒப்பிட்டு, சோதனை நடத்தும் நாளையும் மாணவர்கள் இடம் மாறும் நாளையும் ஊர் அறிய அறிவிக்க வேண்டும். தமது வீட்டையே கொடுத்த கிராமவாசிக்கு அரசு செலுத்த வேண்டிய கடன் அதுவே.