இதயத்தின் உள்ளே – 17: சுருக்கம் நீங்கிய பிறகு

1944 அக்டோபரில், ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் என்ற அறுவை மருத்துவர் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மகாதமனியில் சுருங்கிக் கிடந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் ராபர்ட் கிராஸும் அதைச் செய்தார். அதுவரை இந்தப் பிறவிக் குறையோடு வளர்ந்தவர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 35 ஆண்டுகள்தான்.

கோளாறு சுருங்கிப்போன குழாயில்தானே, சரிசெய்தால் முடிந்தது என்றுதான் நெடுநாள் எண்ணினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1946 முதல் 1981 வரை அறுவை செய்துகொண்ட 646 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1989-இல் வெளியிட்ட கணக்கு அந்த எண்ணத்தை அசைத்தது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 72 சதவீதம். சிறு வயதிலேயே அறுவை செய்துகொண்டவர்கள் நன்றாக இருந்தார்கள். தாமதித்தவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

ஏன்? சுருக்கம் பெரும்பாலும் இடக்கைக்குப் போகும் கிளையைத் தாண்டியதும் இருக்கும். அதற்கு மேலே தலையிலும் கைகளிலும் அழுத்தம் ஏறும், கீழே தொடை நாடி மெலியும். ரத்தம் குறைவதை உணரும் சிறுநீரகமும் தன் பங்குக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும். இத்தனையையும் எதிர்த்துத் தள்ளவேண்டிய இடது கீழறையின் தசை ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது.

பிறந்த சில நாட்களிலேயே மூச்சிரைத்து வரும் குழந்தைகளின் கதை வேறு. கருவில் திறந்திருந்த நாளம் மூடிக்கொண்டதும் சுமை திடீரென ஏறி, தசை தடிப்பதற்கு அவகாசமின்றித் தளர்ந்துவிடும். புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் அந்த நாளத்தைத் திறந்துவைத்து, பிறகு சுருக்கத்தை நீக்கினால் பல குழந்தைகளின் இதயம் வியக்கத்தக்க விதத்தில் மீண்டுவிடுகிறது.

வளர்ந்தவர்களிடம்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப். 65 சதவீதம்’ என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த எண், ஒரு துடிப்பில் அறையிலுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதை மட்டுமே சொல்லும். இதயத் தசையின் நடு அடுக்கு இழைகள் வளையமாக ஓடுகின்றன. உள் அடுக்கு இழைகள் நெடுக்காக. அழுத்தத்தின் வலியை முதலில் தாங்குவது உள் அடுக்கு. அது சோர்ந்தாலும் நடு அடுக்கு ஈடுகட்டும், எண்ணும் குறையாது. ‘ஸ்ட்ரெயின்’ என்ற அளவீட்டில் மட்டுமே நெடுக்குச் சுருக்கம் குறைந்திருப்பது தெரியும். துடிப்புக்குப் பின் தசை தளர்ந்து விரிவதும் மந்தமாகலாம்.

தையல் நன்றாக அமைந்தவர்களிடமும் இந்தத் தசைச் சோர்வு காணப்படுவதற்குக் காரணம், மேல்பகுதி மகாதமனியின் விறைப்பு. ஓய்வில் இயல்பாக இருக்கும் பி.பி., மாடிப்படி ஏறும்போது எகிறிவிடும். கிளினிக்கில் ஒருமுறை அளந்தால் தப்பிவிடக்கூடியது, 24 மணி நேரக் கருவியில் சிக்கும்.

அதனால், சிறு வயதில் இந்த அறுவை ஆனவர்கள் வீட்டில் இருந்தால் சொல்கிறேன்: பி.பி.யை வலது கையில் அளக்கச் சொல்லுங்கள். இடது கைக் கிளையும் பாதிக்கப்பட்டிருந்தால் அங்கே அளவு குறைத்துக் காட்டும். தைத்த இடம் மீண்டும் சுருங்கியிருக்கிறதா, புடைத்திருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. காட்டும். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மகாதமனி வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்களே இருக்கும் என்பதால் அதையும் பார்க்கவேண்டும். பரிசோதனைகள் ஆயுள் முழுக்கத் தொடரவேண்டும்.

(தொடரும்)